முழங்கால் சேற்றில் நின்ற எனக்கு வேலை இல்லையாம்

இன்று காலை பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை என்னை 'வேலை இல்லாதவர்' என்று பதிந்துவிட்டது. அப்போது நான் முழங்கால் சேற்றில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கெடுக்க வந்த மாணவி வரப்பில் நின்று, "சொந்த நிலம் இருக்கா தாத்தா?" என்றாள்.

"கோயில் நிலம்மா. குத்தகை. இந்தக் குத்தகை உரிமைக்காகப் போராடி ஜெயிலுக்கே போயிருக்கேன்."

"சொந்தம் இல்லைன்னு போட்டா, செல்போன் விவசாயக் கேள்வியவே காட்ட மாட்டேங்குது."

"அப்ப இந்த நாத்தை ஒன் செல்போனா பறிச்சுச்சு?"

கூட வந்த பேராசிரியர் சிரித்துவிட்டார். "திருத்திடுறோம் ஐயா."

"இப்பவே திருத்துங்க. அதுவரைக்கும் கரையேற மாட்டேன்."

வரப்பிலேயே உட்கார்ந்து திருத்தினார். எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இந்தக் கணக்கு அரசாங்கத்துக்குப் போகுமாம். ஆகவே மாணவர்கள் ஏற்கெனவே போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும். பேராசிரியரும் கூடப் போக வேண்டும். இன்று வேலை பறிபோன மற்ற குத்தகைக்காரர்கள் உடனே இந்தப் பதிவுக்குக் கீழே பெயரைப் போட வேண்டும்.