பாதியாகச் சரிந்த பங்கு

மலேசியாவின் கிள்ளான் நகரில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். கோவிட் காலத்தில் ரப்பர் கையுறை நிறுவனம் ஒன்றின் பங்கு ஏறிக்கொண்டே போனது. மகளின் கல்லூரிப் படிப்புக்காக வங்கியில் போட்டிருந்த பணம் முழுவதையும் எடுத்து அதை வாங்கத் துடித்தேன்.

மனைவி கோமதி சிரித்தாள். “ஏங்க, தீபாவளிக்குக் கடை முழுக்க ஒரே கலர் சேலையா வாங்கிப் போடுவீங்க?”

“இது வேற லா,” என்றேன். ஆனாலும் அவள் கேள்வி உறுத்தியது. படிப்புப் பணத்தைத் தொடாமல், கையிருப்பில் கொஞ்சத்துக்கு மட்டும் வாங்கினேன்.

சில மாதங்களில் பங்கு பாதிக்கும் கீழே சரிந்தது. தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன்.

“போனா போகுது. பிள்ளை படிப்பு பத்திரமா இருக்குல்ல? சாப்பிட வாங்க,” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் இழந்தாலும் குடும்பம் தாங்கும் என்கிற பணத்தை மட்டுமே, பல நிறுவனங்களில் பிரித்துப் போடுகிறேன். கோமதியைக் கேட்காமல் வாங்குவதில்லை; அவளுக்கும் பங்குச் சந்தை பிடித்துப்போய்விட்டது!