லூசாகாத சேஃப்டி ஷூ

இன்று கம்பெனி பஸ் படப்பை தாண்டியதும், பக்கத்து சீட் செல்வி அக்கா சேஃப்டி ஷூவைக் கழற்றினார். கட்டைவிரல் அடுத்த விரல் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் அடியில், பாதத்தின் ஓரமாக, எலும்பு புடைத்திருந்தது.

"என்னக்கா இது?"

"சேர்ந்தப்போ ஒரு சைஸ் சின்னதா கேட்டு வாங்கினேன். போடப் போட லூசாயிடும்னாளுங்க. முன்னாடி வெரலு மேல இரும்புத் தகடு கீது, அது எப்படி லூசாவும்? வெரலுதான் வளைஞ்சிச்சு. அகலமான ஷூ போட்டா இதுக்கு மேல சாயாதுன்றாரு டாக்டரு. ஆனா தானா நிமிராதாம்."

என் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நானும் அப்படிக் கேட்டு வாங்கியவள்தான். ஒரு வாரமாக அதே இடத்தில் எரிச்சல் வேறு.

ரூமுக்கு வந்தும் ஷூவோடுதான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். கழற்றிப் பார்க்கப் பயம்.

இதைப் படிக்கிறவர்களில், என்னைப் போல ஃபேக்டரி லைனில் நின்று வேலை செய்கிறவர்கள் யாராவது முதலில் கழற்றுங்கள். துணைக்கு நானும் கழற்றுகிறேன்.