ஒருக்கம் என்றொரு சொல்

கழுத்தை டெக்கரேட் செய்ய முடியாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்குச் சொல்லப்பட்டது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில், வெளிநாட்டுக் கடையொன்று விற்கும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி விவரம் எழுதுவது என் வேலை. அன்று ஒரு பாசிமணி மாலைக்கு எழுதியிருந்தேன். மேலாளர் ஜிஷா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “கழுத்து எந்தா, சுவரோ? சுவரைத்தான் டெக்கரேட் செய்யுக. இது அடோர்ன்” என்றாள். போகிற போக்கில் மற்றதையும் சொல்லிவிட்டாள். துணியில் மணி தைத்தால் எம்பெலிஷ். பாயசத்தின் மேல் முந்திரி போட்டால் கார்னிஷ். அடோர்ன் என்றால், ஏற்கெனவே அழகாக இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்வது.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் பக்கம் இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்தான், சோடிப்பது. சப்பரத்தைச் சோடிப்பார்கள், கல்யாணப் பெண்ணைச் சோடிப்பார்கள், ஆயுத பூசைக்கு லாரியைச் சோடிப்பார்கள். லாரிக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லா என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வாழைக்கன்றும் சந்தனமும் இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்தன. ஆனால் எம்பெலிஷ் என்ற சொல்லை அன்று அகராதியில் பார்த்தபோது கொஞ்சம் உறுத்தியது. துணியை அழகுபடுத்துவது என்பதற்குக் கீழே, நடந்ததை இட்டுக்கட்டி மெருகேற்றிச் சொல்வது என்றும் ஒரு பொருள் இருந்தது. அதைத்தான் நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்.

மலையாளியான வினோதை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் வாரம் ஒருமுறை, அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். அவளிடம் என் மாமியார் ரமணியம்மா தினமும் எனக்குத் தலைவாரி விடுவதாகச் சொல்வேன். உண்மையில் ரமணியம்மா நெடுமங்காட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். மாதத்தில் இரண்டு நாள்தான் வலியசாலையில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு வருவார். அவரிடமோ, அப்பா இப்போதெல்லாம் என்னைப் பற்றி விசாரிக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழாம் மாதம் வந்தது. உங்கள் முறைப்படி வளைகாப்பு வைக்கலாம், வீட்டில் சொல்லிவிட்டாயா என்று ரமணியம்மா கேட்டார். சொல்லிவிட்டேன், வருவார்கள் என்றேன். அம்மாவிடம் வளைகாப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. சொன்னால் அழுவாள். வரவும் முடியாது.

வளைகாப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். எந்த வண்டியில் வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாமே என்று ரமணியம்மா வினோதின் போனிலிருந்து அம்மாவின் நம்பரை எடுத்து, எனக்குத் தெரியாமல் கோவில்பட்டிக்குப் பேசிவிட்டார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எடுத்தது அப்பா. “மோளை நாளை ஒருக்கி இருத்துகயாணு. நிங்ஙள் ரண்டுபேரும் வரணும்” என்று இவர் சொல்லியிருக்கிறார். பெண்ணை அலங்கரித்து உட்கார வைக்கிறோம் என்று அர்த்தம். சரி, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டாராம்.

ஞாயிறு பதினோரு மணி இருக்கும். ரமணியம்மா என் சடையில் பிச்சிப்பூவைச் சுற்றிக்கொண்டிருந்தார். திறந்திருந்த வாசலில் அப்பா நின்றார். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் பழைய வேட்டித் துணிகளைத் திணித்த பை. பின்னால் திருநீற்றுப் பொட்டலத்தோடு அம்மா. பூவோடும் பட்டுச்சேலையோடும் உட்கார்ந்திருந்த என்னை அப்பா நம்பாதவர்போலப் பார்த்தார்.

“என்னம்மா செய்யுது உனக்கு?”

“ஒண்ணும் செய்யலையேப்பா. நல்லாத்தான் இருக்கேன்.”

“ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கோம், உடனே வாங்கன்னு இந்தம்மா போன்ல சொன்னாங்களே.”

ரமணியம்மாவுக்குப் புரியவில்லை. “ஒருக்கி இருத்துகயாணு எந்நல்லே ஞான் பறஞ்ஞது?” என்றார். மலையாளத்தில் ஒருக்கம் என்றால் அலங்காரம், ஆயத்தம் இரண்டுந்தான். அதை வினோத் தப்பும் தவறுமான தமிழில் விளக்கிச் சொன்னதும் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார், செருப்பை மாட்டினார், படியிறங்கிப் போய்விட்டார்.

பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தேன். ரமணியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். வருவார்கள் என்று சொன்னது பொய், தலைவாரி விட்டது பொய். ரமணியம்மா பிச்சிப்பூவின் நுனியைக் கொண்டை ஊசியால் குத்தி முடித்து, “இந்நு வாரித் தந்நல்லோ” என்றார். இன்றைக்கு வாரிவிட்டேன் அல்லவா என்று.

அப்பா முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். சாலைக் கடைத்தெருவில் விசாரித்து விசாரித்து, பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கியிருந்தார். “ரெண்டேகால் சைஸ்தானே நீ போடுவ?” என்றார். அது நான் கல்லூரிக்குப் போனபோது போட்ட அளவு. ஏழாம் மாதத்தில் என் கை வீங்கியிருந்தது. அம்மா ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கணுவைத் தாண்டவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அளவு மாறிருச்சு போல. போய் மாத்திட்டு வாரேன்.”

“வேண்டா, இரிக்கு” என்று ரமணியம்மா தேங்காயெண்ணெய் எடுத்துவந்தார். நரம்பு கிடைக்காத எத்தனையோ கைகளைப் பார்த்த விரல்கள் அவருடையவை. என் உள்ளங்கையை மடக்கி, கட்டைவிரலின் எலும்பை உள்ளே அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினார். கைக்கு ஆறுதான் ஏறின. ஒன்றுகூட உடையவில்லை. மிச்சத்தை அப்பா காகிதத்தில் சுற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் காட்சிக்கு ஜிஷாவின் சொற்களில் எது பொருந்தும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அடோர்ன் என்று சொல்லலாம். ஆனால் அதில் அந்த எண்ணெய் இல்லை, வலி இல்லை. சோடிப்பதில் கொண்டாட்டம் உண்டு. ரமணியம்மாவின் ஒருக்கத்தில்தான், இனி வரப்போவதற்கு ஒருத்தியைத் தயார்ப்படுத்துவதும் சேர்ந்திருக்கிறது. பிறந்து வளர்ந்த மொழியில் கிடைக்காத ஒன்று பக்கத்து வீட்டு மொழியில் கிடைப்பது, புலம்பெயர்ந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் சின்ன லாபம்.

அன்று சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் ரயிலேற்ற வினோதும் நானும் போனோம். வண்டி கிளம்பும் நேரத்தில் என் போன் அடித்தது. ரமணியம்மா. வீட்டில் விளக்கேற்றிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். “மோளே, எப்போழா வருந்நே?” என்றார். அதே சமயம் அப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “வீட்டுக்கு எப்ப வார?” என்று கேட்டார். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே, அப்பாவைப் பார்த்து, “வாரேன்” என்றேன். இரண்டு பேரும் சரி என்றார்கள்.