பாட்டிலுக்குள் ரப்பர் மரம்

டிஷ்யூ கல்ச்சர் என்பது நாள் முழுக்கக் கை கழுவும் வேலை. நடுநடுவே கொஞ்சம் விஞ்ஞானம். சந்தேகமிருந்தால் தோல் உரிந்த என் விரல்களைப் பாருங்கள்.

வாழைக்கன்று வளர்த்துக்கொண்டிருந்த எங்கள் தஞ்சாவூர் லேபுக்கு மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஆர்டர் வந்தது. அமோகமாகப் பால் தரும் ஒரே ஒரு மரம். அதன் துணுக்குகளைப் பாட்டிலில் வளர்த்துக் கன்றாக்கித் தர வேண்டும். துணுக்கு எடுத்த மாதமே மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. மிச்சம் எங்கள் பாட்டில்கள்தான்.

வெள்ளிக்கிழமை

லேபுக்குள் பூ, பவுடர், மஞ்சள் எதுவும் கூடாது. ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சை பாட்டிலுக்குள் போனால் செடி காலி. வெள்ளிக்கிழமையும் வெறுந்தலையோடு கிளம்புகிறேனே என்று மாமியார் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏண்டி, அந்த மரத்துல பூவே பூக்காதா?"

ஆயுத பூஜை

லீவு முடிந்து வந்தால் அலமாரியெல்லாம் சந்தனப் பொட்டு. வாட்ச்மேன் கோவிந்தசாமி அண்ணன் பூஜை போட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு பாட்டில் மூடியாகத் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு! மூன்றாம் நாள் பாட்டிலெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. கடைசித் தட்டில் பதினோரு பாட்டில் மட்டும் தப்பின; அதுவும் திருநீறு தீர்ந்துபோனதால்.

கண்டபடி கத்தினேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பச்சப்புள்ளைக்குத் திருநீறு வெக்கிறது தப்பாம்மா?"

பதினொன்று

மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: பதினொன்றும் பிழைத்தால் அண்ணனுக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. அண்ணன் ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். குத்தகையைப் பதிந்து கொடுங்கள் என்று கேட்டதற்காக நிலத்துக்காரர் வெளியேற்றிவிட்டார். கேஸ் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்குக் கோபம் பாதி போய்விட்டது.

வேர்விட்ட கன்றுகளை நிழல்வலைக்குள் பைகளுக்கு மாற்றினோம். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை அண்ணனிடமே கொடுத்தேன். மேனேஜர் முறைத்தார். "இவர்கிட்டயா? ஏம்மா, உங்களுக்கும் வேலை வேணாமா?"

வேன்

பதினொன்றும் பிழைத்தன. அண்ணன் வேலையும் பிழைத்தது. நாற்றங்கால் பார்த்த கை. மண்ணைத் தொட்டே ஈரம் சொல்லிவிடுவார். தோட்டத்து வேன் வந்த அன்று ஒவ்வொரு கன்றையும் இரண்டு கையாலும் ஏந்தி ஏற்றினார். பால் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். "ஏழு வருஷம் ஆகும்ணே" என்றேன். கடைசிக் கன்றின் பையைச் சாயாமல் நிமிர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "ஏழு வருஷம் ஒரே எடத்துல நிக்க வுடுவாங்களாம்மா?"

மரத்தை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எந்த லேபிலும் சொல்லித்தரவில்லை.