தட்டைப் பிடுங்கிய இன்ஸ்பெக்டர்

அறுபதுகளின் கடைசியில் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு குழந்தை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டது. தனம், இரண்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டின்போது ஐந்தாம் வகுப்பு முனுசாமி அவள் தட்டைப் பிடுங்கி உப்புமாவில் பாதியை எடுத்துக்கொள்வான். பசியெல்லாம் இல்லை. அவன் தட்டு நிறைந்துதான் இருக்கும்.

வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "தெனமும் அய்துகினே ஊட்டுக்கு வருது டீச்சரம்மா. எனக்கு பேஜாராப் பூட்ச்சி. ஆடு ஓட்டிக்கினு போவட்டும், உட்டுடுங்க" என்றாள் அவள் அம்மா. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் தவணை வாங்கினேன்.

1. பிரம்பு

பள்ளி எச்.எம். பிரம்பால் முனுசாமிக்கு நாலு வைத்தார். சாயங்காலம் ரயில்வே கேட் அருகே அந்த நாலையும் அவன் தனத்திடம் சேர்த்துவிட்டான். நீயும் திருப்பி அடி என்று எச்.எம். அவளுக்கு யோசனை சொன்னார். அவளோ முனுசாமியின் இடுப்புக்குக்கூட வரமாட்டாள். எச்.எம். நல்ல மனிதர்தான், யோசனை சொல்லாதவரைக்கும்.

2. ஒத்திகை

டிரெயினிங்கில் நாடக முறை என்று ஒன்று படித்திருந்தேன். பிரேயர் முடிந்ததும் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தினமும் ஒத்திகை வைத்தேன். யாராவது பிடுங்கினால் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எழுந்து அந்தக் குழந்தையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஒருவர் ஓடிவந்து டீச்சரிடம் சொல்ல வேண்டும். அது கோள் மூட்டுவது ஆகாது.

ரவுடி வேஷம் எனக்கு. நான் திருவள்ளூரில் பெருமாள் கைங்கர்யம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். "தட்டைத் தந்துவிடு" என்று நான் மிரட்டியதில் ஒரு குழந்தைகூடப் பயப்படவில்லை. முனுசாமிதான் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தான். "அப்டி இல்ல டீச்சர். 'இன்னா மொறைக்கிற, குட்றீ'ன்னு கேக்கணும்" என்று எனக்குப் பயிற்சி கொடுத்தான். முந்தானையைச் செருகிக்கொண்டு அப்படியே கேட்டேன். பள்ளியே ஆடிப்போயிற்று.

ஒருநாள் தட்டைப் பறிகொடுக்கும் வேஷத்தை முனுசாமிக்குக் கொடுத்தேன். நான் பிடுங்கியதும் அவன் வசனத்தை மறந்து, தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பாவமாகிவிட்டது. முதலில் ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்றவள் தனம். அதன்பின் அவன் அவள் தட்டைத் தொடவில்லை.

3. இன்ஸ்பெக்ஷன்

தவணை முடிவதற்குள் பள்ளியைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளின் சாப்பாட்டை அவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. அவருக்காக எவர்சில்வர் தட்டு எடுத்து வர எச்.எம். வீட்டுக்கு ஓடியிருந்தார். காத்திருக்கப் பொறுமை இல்லாத இன்ஸ்பெக்டர், வரிசையில் முதலாவதாக இருந்த தட்டை எடுத்தார். அது தனத்தினுடையது.

"வைங்க சார். அது என்னுது" என்றாள் தனம், முகத்தைப் பார்த்து, சத்தமாக.

வரிசை முழுவதும் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. முனுசாமி என்னிடம் ஓடிவந்தான். "டீச்சர், இவரு தனத்தோட தட்ட புடுங்கிக்கினாரு."

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். எவர்சில்வர் தட்டோடு வந்த எச்.எம். வாசலிலேயே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, "எனக்குக் கொஞ்சம் தருவியாம்மா?" என்றார்.

தனம் யோசித்து ஒரு சிட்டிகை கொடுத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் முனுசாமியும் அதேபோலக் குனிந்து, கொஞ்சம் தருவியா என்று கேட்டான்.

"தரமாட்டேன்" என்றாள் தனம், வாயில் உப்புமாவோடு.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். தவணை முடிந்தபோது ஆட்டை ஓட்டிப் போக அவள் அம்மா வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பிடுங்குகிறவனிடம் பேசக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. மரியாதையாகக் கேட்கிறவனிடமும் இல்லை என்று சொல்லலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தனமே கண்டுபிடித்துக்கொண்டாள்.