மேடம் கேட்ட சூப்

மேடத்துக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, துபாயில் அவர்கள் வீட்டில் நான் சமையல் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. சாரும் மேடமும் ருமேனியாக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. கதிர்வீச்சு கொடுக்க ஆரம்பித்ததும் மேடத்துக்குச் சாப்பாடே ஆகாமல் போனது. எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருக்கிறது என்பார்.

ஒருநாள், "எங்க ஊர் சூப் வேணும். லவேஜ் போட்டது," என்றார்.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. போனில் படம் காட்டினார். கொத்தமல்லி இலையைப் பெரிதாக்கியது போல இருந்தது. கராமாவில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர் கீழக்கரைக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, "மாஃபி, இல்ல தங்கச்சி. செலரிதான் இருக்கு. பாக்க இதே மாதிரிதானே?" என்றார். அதை வாங்கிப் போய்ச் செய்தேன். மேடம் மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

சார் ஊரிலிருக்கும் தன் அக்காவை வரவழைத்தார். அந்த அம்மா ஈரத்துணியில் சுற்றி ஒரு பெரிய கட்டு கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் ஹால் முழுக்க வாசனை. செலரியைவிடக் காட்டம், அடியில் கொஞ்சம் ஓமம் கலந்தது போல. எனக்குப் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். கோழியும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வெந்ததும் எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் இலையைப் பொடியாக நறுக்கித் தூவி மூட வேண்டும். மீதி இலையை நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.

முதல் கரண்டியை விழுங்கியதும் மேடத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எப்படி இருக்கு?" என்றார் சார்.

"அம்மா செஞ்ச மாதிரியே இருக்கு."

சார் அவரை அணைத்துக்கொண்டார். தினமும் இதையே செய் என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் சார் டியூட்டிக்குக் கிளம்பியதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"வாசனை லேசா வருது. நாக்குல ஒண்ணும் தெரியல. புண்ணுல எலுமிச்சை பட்டு எரிஞ்சுது, அதான் அழுதேன். அவர்கிட்ட சொல்லாத."

"சொன்னா விட்டுடுவாரே மேடம்."

"அவரால எனக்குச் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து எலுமிச்சையை நிறுத்தினேன். உப்பையும் நிறுத்தினேன். சாயங்காலம் வந்ததும் சார் கட்டிலோரம் உட்கார்ந்து தன் கையாலேயே ஊட்டுவார். மேடம் ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டுவார். சார் குளிக்கப் போனதும் வாந்தி வரும். நான் பாத்திரம் பிடிப்பேன். வாயைத் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைப்பேன். பிறகு வயிற்றில் குழாய் போட்டார்கள். நோன்பு மாதம் தொடங்கும் முன்பே மேடம் இறந்துபோனார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோன சார் தனியாகத் திரும்பி வந்தார். வந்த அன்றே அந்தச் சூப் வேண்டும் என்றார். பழகிப்போன கை, அப்படியே செய்துவிட்டது. ஒரு வாய் குடித்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதுல உப்பே இல்லையே. புளிப்பும் இல்ல."

"ரெண்டும் மேடத்துக்கு எரியும் சார்."

"அப்போ நல்லா இருக்குன்னு சொன்னாளே?"

இனி யாருக்காக மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாந்தி எடுத்தாளா?"

"ஆமா சார்."

"தினமுமா?"

நான் சூப் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான்தானே ஊட்டினேன்," என்றார். பிறகு, "உன்கிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லல," என்றார்.

காலையில், இனிமேல் வீட்டில் சமையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குரலில் கோபம் இல்லை. என் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அபுதாபியில் ஒரு மலையாளி டாக்டர் குடும்பத்தில் அவரே எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்.

கிளம்பும் அன்று டாக்ஸி வரைக்கும் வந்து பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"கடைசியில நெஜமாவே அவளுக்கு எது பிடிச்சுது?"

"ஐஸ் கட்டி சார். சின்னத் துண்டு. நாக்குல வச்சா கொஞ்சம் தேவலைன்னு சொல்லுவாங்க."

தலையாட்டினார். டாக்ஸி திரும்பும்போது பார்த்தேன், வெயிலில் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.