மைட் இல்லை, மைட்டிலி!

வெள்ளைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். பக்கத்துக் கொட்டகையில் தேயிலையை உருட்டும் ரோலர் ஓடும் சத்தத்தில் என் காதில் விழுந்தது ‘மைட்’ என்ற ஒரே சொல்.

அப்போது நான் எஸ்டேட் ஆலையில் இலை வாட்டும் பகுதிக்கு சூப்பர்வைசர். இலையை வழக்கத்தைவிட மெதுவாக வாட்டினால் மணம் கூடும் என்று எனக்கும், டீ ருசி பார்க்கும் அறையில் வேலை செய்த கலா அக்காவுக்கும் நம்பிக்கை. எஸ்டேட் மேனேஜரான துரையிடம் கெஞ்சி, அப்படி ஒரு சின்ன லாட் தேயிலை செய்திருந்தோம்.

“வர்ற பையருக்குப் புடிச்சா செய்யுங்க. புடிக்கலன்னா பழைய முறைதான். அப்புறம் இதப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது,” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேயிலை வாங்க வந்த அந்த பையர்தான் இவர். நியூசிலாந்துக்காரர், வயதானவர். துரை போன் பேச வெளியே போயிருந்தார்.

“என்னக்கா சொன்னாரு?” என்று கிசுகிசுத்தேன்.

“மைட்டுன்னாருடி. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்னு அர்த்தம். புடிக்கல லா. மொகத்துக்கு நேரா சொல்ல முடியாம இழுக்கிறாரு.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கம்போங் ராஜா ஊர் வழியாக மலையிறங்க கார் காத்திருந்தது. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வாசலில் போய் மறித்து நின்றேன்.

“சார், ஒய் மைட்? வாட் ப்ராப்ளம்? டெல் மீ லா!”

அவர் முதலில் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

“நோ, நோ! ஐ ஆம் மைட்டிலி பிளீஸ்டு!”

சொல்லிவிட்டு, கையை மடக்கிப் பயில்வான் மாதிரி புஜத்தைக் காட்டினார். ‘மைட்’ என்பதற்குப் பலம் என்றும் பொருள் உண்டாம். அதிலிருந்து வந்ததுதான் ‘மைட்டிலி’. பலமாக, ரொம்ப ரொம்ப என்று அர்த்தம். தன் அம்மா அடிக்கடி சொல்லும் சொல், இளவட்டங்கள் இப்போது அவ்வளவாகச் சொல்வதில்லை என்றார்.

கலா அக்கா விடவில்லை. “தென், மைட்டிலி ஸ்ட்ராங் டீ, ஓகே சார்?”

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். சொல்லலாம்தான், ஆனால் மகிழ்ந்தேன், பாடுபட்டேன், நிம்மதியானேன் என்பவற்றோடு சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அழகு என்றார்.

“ஐ ஆம் மைட்டிலி ரிலீவ்டு, சார்!” என்றேன் நான்.

“பெர்ஃபெக்ட்!” என்று கைதட்டினார். தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அந்த நேரம் துரை உள்ளே வந்தார். “என்னம்மா, ஒரே சிரிப்பா இருக்கு?”

“மைட்டிலி புடிச்சிருச்சாம், துரை!” என்றார் கலா அக்கா.

அந்த லாட் முழுவதையும் வெள்ளைக்காரரே வாங்கிக்கொண்டார். மெதுவாக வாட்டும் முறையும் ஆலையில் நிலைத்தது. அந்த வாரம் முழுக்க கேன்டீனில் எல்லாருக்கும் மைட்டிலி பசி, மைட்டிலி தூக்கம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் பேசுவது பாதிதான் காதில் விழுந்தால், மீதியை உங்கள் பயத்தை வைத்து நிரப்பாதீர்கள். வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். அவர் உங்களைப் பாராட்டிக்கொண்டிருக்கலாம்.